கடலில் கொட்டிய எண்ணெய் எந்தக் கரைக்குப் போகும்? - கணினி போடும் கணக்கு

ஜங்லிகாட் மீன் இறங்குதுறைக்கு விடியற்காலையில் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கட்டும். தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி என்று நாலு பாஷையில் விலை பேசுவார்கள். அந்தச் சந்தடியில் தண்ணீரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தால், எஞ்சினிலிருந்து சொட்டிய டீசல் வானவில் நிறத்தில் பரவி நகர்ந்துகொண்டிருப்பது தெரியும். ஏற்றத்தின்போது துறைக்குள்ளே வரும், வற்றத்தின்போது வெளியே போகும்.

ஒருநாள் அதைக் காட்டிப் படகுக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வேரூன்றிய குடும்பம் அவருடையது. "சார், சொட்டு டீசலே இப்படி ஓடுதே! பெரிய கப்பல் ஒண்ணு மோதி உடைஞ்சா, அந்த எண்ணெய் எங்கே போய் ஒதுங்கும்னு முன்னாடியே சொல்ல முடியுமா?"

"முடியும் அண்ணே, கம்ப்யூட்டர் சொல்லும். ஆனா நாம அதுக்கு உண்மையைச் சொன்னாத்தான் அதுவும் நமக்கு உண்மையைச் சொல்லும்" என்றேன். அவர் சிரித்தார். அந்தப் பதிலை விரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

நம் தீவுகள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் பாருங்கள். கிரேட் நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவே உள்ள கடல்வழி, உலகத்திலேயே நெரிசல் மிகுந்த மலாக்கா நீரிணையின் மேற்கு வாசல். அந்த நீரிணையில் ஆண்டுக்கு எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணங்கள் நடக்கின்றன. வளைகுடா நாடுகளிலிருந்து ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போகும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி நம் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் ஒன்றுக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுக்கப்பட்டது. தோல்முதுகுப் பேராமை முட்டையிட வரும் கரை அது. கப்பல் கூடினால் கவலையும் கூடத்தான் செய்யும்.

இது வெறும் பயமல்ல, நடந்த கதையும் உண்டு. 1993 ஜனவரி 21-ஆம் தேதி, ஓமானிலிருந்து கச்சா எண்ணெய் ஏற்றி வந்த 'மெர்ஸ்க் நேவிகேட்டர்' என்ற ராட்சத டேங்கர், சுமத்ராவின் வடமுனைக்கு அப்பால் 'சான்கோ ஆனர்' என்ற இன்னொரு டேங்கரோடு மோதியது. தீப்பிடித்தது. சுமார் 25,000 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. வடகிழக்குப் பருவக்காற்று வீசிய காலம் அது. படலம் மேற்கு நோக்கி, நிக்கோபார் தீவுகள் இருக்கும் திசையில் நகர்ந்தது. இந்தியக் கடலோரக் காவல்படையும் களத்தில் இறங்கியது. நல்லவேளையாக, எண்ணெயின் பெரும்பகுதி திறந்த கடலிலேயே சிதறிப்போனது. இன்னொரு மாதத்தில், இன்னொரு காற்றில் அதே விபத்து நடந்திருந்தால் முடிவு வேறு மாதிரி ஆகியிருக்கலாம்.

மிதக்கும் பொருள் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு விபத்துகூடத் தேவையில்லை. கிரேட் நிக்கோபார் கடற்கரைகளில் ஒதுங்கிய பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்கிப் பார்த்த ஆய்வாளர்கள், அவற்றில் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து நாட்டு முத்திரைகளைக் கண்டார்கள். பாட்டில் வரும் வழியில் எண்ணெயும் வரும்.

எண்ணெயை நகர்த்துவது எது?

மூன்று விஷயங்கள். முதலாவது நீரோட்டம். கடலோர மக்கள் 'நீவாடு' என்பார்கள். எண்ணெய் தண்ணீர்மேல் மிதப்பதால், தண்ணீர் எந்த வேகத்தில் ஓடுகிறதோ ஏறக்குறைய அதே வேகத்தில் அதுவும் ஓடும். விநாடிக்கு அரை மீட்டர் என்றால் நாளைக்கு 43 கிலோமீட்டர்.

இரண்டாவது காற்று. காற்று நீரின் மேற்பரப்பைத் தள்ளும்போது மேலே மிதக்கும் எண்ணெயும் தள்ளப்படுகிறது. ஆனால் காற்றின் முழு வேகமும் எண்ணெய்க்குக் கிடைப்பதில்லை, சுமார் 3 சதவீதம்தான் கிடைக்கும். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வாடைக்காற்று வீசினால் எண்ணெய் விநாடிக்கு 15 சென்டிமீட்டர் நகரும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஒரு நாள் முழுக்கக் கூட்டிப் பாருங்கள், 13 கிலோமீட்டர்! பூமி சுழல்வதால், நம் வடகோளத்தில் படலம் காற்றின் திசைக்குச் சற்றே வலப்பக்கமாக விலகிப் போகவும் செய்யும்.

மூன்றாவது ஓதம், அதாவது ஏற்றவற்றம். நடுக்கடலில் இதற்கு முக்கியத்துவம் குறைவு. கரையோரத்திலும் முகத்துவாரங்களிலும் இதுதான் ராஜா. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்குகிறது. ஆறு மணி நேரம் உள்ளே தள்ளும், ஆறு மணி நேரம் வெளியே இழுக்கும். ஜங்லிகாட் மாதிரி உள்வாங்கிய துறைக்குள் எண்ணெய் ஒரு தடவை நுழைந்துவிட்டால், இந்த ஏற்றவற்றம் அதைக் கல்லிலும் தூணிலும் அலையாத்தி வேரிலும் மறுபடி மறுபடி பூசிக்கொண்டே இருக்கும்.

இதற்கிடையில் எண்ணெய் சும்மா மிதப்பதுமில்லை, பரவுகிறது. ஒரு லிட்டர் எண்ணெய், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனில் பரவினால் 1,000 சதுர மீட்டரை மூடிவிடும். துறையில் நாம் பார்க்கிற வானவில் நிறம் இந்த மாதிரி மெல்லிய படலம்தான். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து 'எவ்வளவு எண்ணெய்' என்று முடிவு கட்டக்கூடாது. பார்வைக்குப் பெரிசாக இருப்பது அளவில் கொஞ்சமாக இருக்கலாம். கன்னங்கரேலென்று திட்டுத்திட்டாக இருப்பதுதான் கெட்டியான எண்ணெய்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

கணினி மாதிரி என்றதும் ஏதோ மந்திரம் என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன கூட்டல் கணக்கைத்தான் அது சலிக்காமல் லட்சம் தடவை போடுகிறது. கொட்டிய எண்ணெயை ஆயிரம் புள்ளிகளாகப் பிரித்ததாக வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும், 'இந்த இடத்தில் இந்த நேரத்தில் நீரோட்டம் இவ்வளவு, காற்று இவ்வளவு, ஆகவே அடுத்த கால் மணி நேரத்தில் நீ இங்கே இருப்பாய்' என்று நகர்த்துகிறது. பிறகு அடுத்த கால் மணி, அதற்கடுத்த கால் மணி. இப்படி இரண்டு மூன்று நாளுக்குக் கணக்கிட்டால் புள்ளிக் கூட்டம் எந்தக் கரையைத் தொடும், எப்போது தொடும் என்று தெரிந்துவிடும். சின்னச் சின்னச் சுழல்களை எந்த வரைபடத்திலும் காட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு புள்ளியையும் குருட்டாம்போக்கில் கொஞ்சம் இங்குமங்கும் தள்ளியும் விடுகிறார்கள். கூட்டம் விரிவது இதனால்தான்.

அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான 'நோவா' உருவாக்கிய 'நோம்' என்ற மென்பொருள் இவ்வகையில் பெயர்பெற்றது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம், அதாவது 'இன்காய்ஸ்', அந்த மென்பொருளுக்கு நம் கடல்களின் காற்று, நீரோட்ட முன்கணிப்புகளைக் கொடுத்து எண்ணெய்க் கசிவு அறிவிப்பு வழங்குகிறது. 1999-ல் தொடங்கப்பட்ட இந்த மையம்தான் மீனவர்களுக்கு மீன்வளப் பகுதி அறிவிப்பும், நாட்டுக்குச் சுனாமி எச்சரிக்கையும் தருகிறது. நீரோட்டத்தைக் கரையிலிருந்தே அளக்கும் ராடார் கருவிகள் நாட்டின் சில கடற்கரைகளில் நிறுவப்பட்டன. தமிழ்நாட்டில் கல்பாக்கம், கடலூர், நம் தீவுகளில் போர்ட் பிளேர், ஹட்பே ஆகியவை அவற்றில் அடங்கும்.

'நோம்' படத்தில் இரண்டு நிறப் புள்ளிகள் இருக்கும். கறுப்புப் புள்ளிகள், 'இங்கே போக வாய்ப்பு அதிகம்' என்பது. சிவப்புப் புள்ளிகள், 'காற்றும் நீரோட்டமும் நாங்கள் நினைத்ததிலிருந்து சற்று மாறினால் இங்கேயும் போகலாம்' என்பது. இந்தச் சிவப்பை அலட்சியம் செய்யக்கூடாது. நீரோட்டக் கணிப்பில் விநாடிக்கு வெறும் 10 சென்டிமீட்டர் பிழை இருந்தால் ஒரு நாளில் எட்டரை கிலோமீட்டர் விலகும், மூன்று நாளில் 26 கிலோமீட்டர். ஏறக்குறைய நம் நகரத்திலிருந்து வண்டூர் போகிற தூரம்! கறுப்புப் புள்ளியை மட்டும் நம்பி நகரத்தில் காவல் நின்றால் வண்டூர் தேசியப் பூங்காவின் பவளப்பாறையில் எண்ணெய் படிந்திருக்கும்.

எண்ணெயும் அப்படியே இருப்பதில்லை

எங்கே போகும் என்பது பாதிக் கணக்கு. போய்ச் சேரும்போது அது என்னவாக இருக்கும் என்பது மீதிப் பாதி. பெட்ரோல் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும். டீசலில் பெரும்பகுதி சில நாட்களில் போய்விடும். கப்பல் எஞ்சினுக்கு எரிபொருளாகும் ஃபர்னஸ் ஆயில் அப்படியில்லை. ஆவியாவது கொஞ்சமே. அலை அடிக்க அடிக்கக் கடல்நீரைத் தனக்குள் இழுத்துக்கொண்டு, சாக்லேட் கூழ் போலக் கெட்டியாகி, மூன்று நான்கு மடங்கு பருத்துவிடும். ஆகவே எந்த வகை எண்ணெய் என்று தெரியாமல் கணக்குப் போடுவது, வியாதி தெரியாமல் மருந்து கொடுப்பது மாதிரி.

எண்ணூர் சொன்ன பாடம்

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் 2017-ஆம் ஆண்டு எண்ணூருக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி 28, விடியற்காலை சுமார் 4 மணி. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பலும் 'டான் காஞ்சிபுரம்' என்ற டேங்கரும் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்பதே முதலில் வந்த தகவல். பிறகு சுமார் 20 டன் என்றார்கள். பின்னாளில் விசாரணையில் கணக்கிடப்பட்டதோ 200 டன்னுக்கு அருகில்!

எண்ணெய் யாருடைய அறிக்கைக்கும் காத்திருக்கவில்லை. வாடைக்காற்றும் கரையோர நீரோட்டமும் அதைத் தெற்கே கொண்டுபோயின. எர்ணாவூர்க் கரைக் கற்களின் இடுக்குகளில் கறுப்புக் கூழ் அடைந்தது. மெரினாவுக்கும் அதற்குத் தெற்கேயும்கூட எண்ணெய் வந்தது. உறிஞ்சு எந்திரங்கள் அந்தக் கெட்டிக் கூழில் அடைத்துக்கொண்டன. கடைசியில் மாணவர்களும் தீயணைப்பு வீரர்களும் தன்னார்வலர்களும் மீனவர்களும் வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். ஆமைகள் செத்து ஒதுங்கின. 'மீன்ல எண்ணெய் இருக்குமோ' என்ற பயத்தில் காசிமேட்டில் மீன் வாங்க ஆளில்லை. எண்ணெய் படாத மீனும் விலை போகவில்லை.

கணினி அங்கே தோற்றதா? இல்லை. இன்காய்ஸ் விஞ்ஞானிகள் இந்தக் கசிவின் போக்கை 'நோம்' மூலம் கணக்கிட்டு, செயற்கைக்கோள் ராடார் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கரையோர நீரோட்டத்தை நுணுக்கமாகக் காட்டும் முன்கணிப்பைக் கொடுத்தபோது கணக்கு நிஜத்தோடு நன்றாகப் பொருந்தியது. திசையைச் சொல்வதில் கணினிக்குச் சிரமமில்லை. ஆனால் 20 டன் என்று அதனிடம் சொன்னால் 20 டன்னுக்குத்தானே அது கணக்குப் போடும்? எத்தனை ஆள், எத்தனை மிதவைத் தடுப்பு, எத்தனை வாளி வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணில் அல்லவா இருக்கிறது? வீட்டில் இருபது பேருக்குச் சமைத்துவிட்டு இருநூறு பேர் வந்து நின்றால் என்ன ஆகும், அந்தக் கதைதான்.

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வெள்ளத்தின்போது அதே எண்ணூர் இன்னொரு பாடம் சொன்னது. இம்முறை எண்ணெய் வந்தது கப்பலிலிருந்து அல்ல. மணலிப் பக்கத் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு வழியாக முகத்துவாரத்துக்கு வந்தது. கடலின் நீரோட்டத்தை மட்டும் தெரிந்த மாதிரி இதற்குப் போதாது. ஆறு எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்பதும் வேண்டும்.

2025-ல் கேரளக் கடலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற சரக்குக் கப்பல் 640-க்கும் மேற்பட்ட பெட்டகங்களோடு மூழ்கியது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிய நேரம் அது. எண்ணெய் எங்கே போகும் என்பதோடு, பெட்டகங்கள் எங்கே போகும் என்றும் இன்காய்ஸ் கணிப்பு வெளியிட்டது. இரண்டுக்கும் கணக்கு வேறு. தண்ணீருக்கு மேலே தலை நீட்டி நிற்கும் பெட்டகத்தைக் காற்று அதிகமாகத் தள்ளும். கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் பெட்டகங்கள் ஒதுங்கின. அவற்றிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டக் கரைவரை போயின.

நம் தீவுகளுக்கு எப்படிப் பொருந்தும்?

நம் நகரம் தெற்கு அந்தமானின் கிழக்குக் கரையில் இருக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குக் காற்று. கிழக்கே கடலில் எண்ணெய் கொட்டினால் காற்று அதை நம் பக்கம் தள்ளும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அப்போது நம் கரைக்கு ஆபத்து குறையும், ஆனால் வண்டூர் இருக்கும் மேற்குக் கரைக்கு ஆபத்து கூடும். எந்த மாதம் என்று கேட்டாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இன்னொரு விஷயம் நமக்கே உரியது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் பகுதி சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் கடல் புகுந்ததை நம் கண்ணால் பார்த்தோம். அதற்கு முந்தைய ஆழ வரைபடத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அந்த இடத்தை இன்னும் வயல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். எண்ணெய் அங்கே நுழையும் என்று அதற்குத் தெரியாது. உட்துறைகளுக்கும் ஓடைகளுக்கும் புதிய ஆழ அளவுகள் இல்லாமல் நல்ல முன்கணிப்பு கிடையாது.

சரி, முன்கணிப்பு கிடைத்து என்ன பயன்? எண்ணெய் வருவதைத் தடுத்துவிட முடியுமா என்று கேட்கலாம். முழுக்கத் தடுக்க முடியாது. எதை முதலில் காப்பது என்று முடிவு செய்யலாம். மிதவைத் தடுப்புகள் எப்போதும் தேவைக்குக் குறைவாகத்தான் இருக்கும். மணற்கரையில் எண்ணெய் பட்டால் அள்ளிவிடலாம். அலையாத்திக் காட்டில் புகுந்தால், மூச்சுவிடும் வேர்களை மூடி மரத்தையே கொல்லும். அந்தச் சேற்றில் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் தங்கும். மீன்குஞ்சும் இறாலும் நண்டும் வளர்கிற தொட்டில் அதுதான். ஆகவே 'இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது, இந்த ஓடையின் வாயை முதலில் அடைப்போம்' என்று சொல்ல முடிவதே முன்கணிப்பின் முழுப் பயன்.

இந்தப் பொறுப்பு நாட்டில் கடலோரக் காவல்படையிடம் இருக்கிறது. 1996 முதல் நடைமுறையில் உள்ள தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டத்தின்படி அவர்களே ஒருங்கிணைப்பாளர்கள். மாசு அகற்றும் அவர்களுடைய மையங்கள் மும்பையிலும் சென்னையிலும் நம் போர்ட் பிளேரிலும் உள்ளன.

நாம் செய்யக்கூடியது

கம்ப்யூட்டர் கேட்பது நாலே நாலு கேள்வி. எங்கே? எப்போது? எந்த எண்ணெய்? எவ்வளவு? கடைசி இரண்டைக் கப்பல்காரர்களும் துறைமுகமும் சொல்ல வேண்டும். முதல் இரண்டை நம் படகுக்காரர்களைவிடச் சீக்கிரம் யார் சொல்ல முடியும்? கடலில் படலம் கண்டால் நேரத்தையும், ஜி.பி.எஸ். காட்டும் இடத்தையும், நிறம் வானவில்லா கறுப்பா என்பதையும், எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு கடலோரக் காவல்படைக்கு 1554 எண்ணில் சொல்லலாம். அதைத் தொடவோ கொளுத்தவோ கூடாது, அதன் நடுவே வலை விரிக்கவும் கூடாது. அந்த ஒரு தகவல் ஹைதராபாத்தில் இருக்கிற கணினிக்குப் புதிய தொடக்கப் புள்ளி. முதல்நாள் கணக்கில் இருந்த பிழையை அது அங்கேயே திருத்திவிடும்.

அதேபோல் கணிப்பும் திரும்பி இறங்குதுறைக்கு வந்து சேர வேண்டும். அதிகாரிகளின் மேஜையில் நிற்கும் படத்தால் வலைக்காரருக்கு என்ன லாபம்? 'நாளைக் காலை இந்தப் பக்கம் போக வேண்டாம், அந்தப் பக்க மீன் நல்ல மீன்' என்று தமிழிலும் தெலுங்கிலும் வங்காளத்திலும் ஒலிபெருக்கியில் சொன்னால் உயிரும் பிழைக்கும், வியாபாரமும் பிழைக்கும். எண்ணூர்க் கசிவின்போது காசிமேட்டுக்கு அது கிடைத்திருந்தால் நல்ல மீன் தேங்கியிருக்காது. மொழி தெரிந்த நம்மைப் போன்ற சங்கங்கள் இந்த மொழிபெயர்ப்பு வேலையில் கை கொடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் பௌதிகமும் எதற்கு உதவும் என்று காட்டவும் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்தப் படகுக்காரரை மறுபடி பார்த்தபோது இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கடலைப் பத்தி எங்களுக்குத் தெரிஞ்சதையும் அந்த மிஷினுக்குச் சொல்லணும்ங்கிறீங்க" என்றார். ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். கச்சான் எப்போது திரும்பும், வற்றம் எந்த ஓடையில் வேகமாக இழுக்கும் என்று அவர் ஆயுசு பூராவும் பார்த்து வைத்திருக்கிறார். அந்த அறிவும் கணினியின் கணக்கும் மறைக்காமல் சொல்லப்பட்ட தகவலும் ஒன்றுசேர்ந்தால், எண்ணெய் கரையைத் தொடுமுன் நாம் கரையில் தயாராக நிற்கலாம்.